சொட்டுத் தண்ணி வராத வீடு

தென்காசியிலிருந்து வடகரை போகும் பஸ். வெளியே சாரல். என் முன்சீட்டில் அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும். அவர் காலடியில் ஒரு பை சிமெண்டும் பூசுகிற கரண்டியும். ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"ஏங்க, நம்ம வீட்டுல நீங்க அடைச்சதுல ஒரு ஓட்டைய உடைக்கணும்."

"ஏட்டி, அஸ்திவாரத்தைச் சுத்தி ஒரு விரிசல் விடாம பூசியிருக்கேன். இந்தச் சாரலுக்கு ஒரு சொட்டு உள்ள வந்துச்சா?"

"வரல. வெள்ளிக்கிழமை வீடு கழுவுத தண்ணி வெளியவும் போகல. அது போறதுக்குச் சுவரடியில விட்டிருந்த ஓட்டையையும் சேத்துல்லா பூசிட்டிய."

"அது எலிப் பொந்துன்னுல்லா நெனச்சேன்."

"முப்பது வருசமா இருக்குத வீடு."

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"போன வெள்ளி என்ன செஞ்ச?"

"போன வெள்ளி மட்டுமா? நாலு வெள்ளியா, நீங்க டீக்கடைக்குப் போன பெறகு, துணியில ஒத்தி வாளியில பிழியுதேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"முட்டுவலியோட ரெண்டு நாளு குத்த வச்சுப் பூசுனிய. முடிச்சதும் தெருவுல போறவங்கள எல்லாம் நிப்பாட்டிக் காட்டுனிய. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?"

"இப்ப மட்டும் ஏன் சொல்லுத?"

"இப்ப மக வீட்டுக்குல்லா பூசப் போறோம். அங்கன வீடு கழுவுதது மருமவன். அவரு நாலு வெள்ளி பொறுப்பாரா?"