மூன்றாம் கொட்டகைத் தொட்டியில் கொட்டியது

என் பெயர் தியோஃபிலோ மக்சினோ. வயது 64. பிலிப்பைன்ஸ், தார்லாக் மாகாணம், கப்பாஸ் ஊரில் சந்தைத் தெருவில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான்கு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பன்றிப் பண்ணையில் ஆட்களை வேலைக்கு எடுத்து, விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன்.

பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவத் தொடங்கியது முதல், உள்ளே வருபவர் வாசலிலேயே குளித்துப் பண்ணை உடுப்புக்கு மாற வேண்டும், வெளியிலிருந்து பன்றிக்கறி வரக்கூடாது, ஆறு வாரத்துக்கு யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது விதி. இதனாலேயே ஆட்கள் நிற்பதில்லை. புதியவர்களுக்குப் புரிவதற்காக ஒருவர் கையில் சாக்பீஸ் தூளைப் பூசி, எல்லோரையும் வரிசையாகக் கைகுலுக்கச் சொல்வேன். கடைசி ஆளின் கையிலும் வெள்ளை இருக்கும்.

தொழிலாளி அர்னுல்ஃபோ திமானோ அதை மறக்கவில்லை. மார்ச் 9 அன்று அவர் மனைவி, பிறந்து பத்து நாளான குழந்தையோடு வேலிக்கு அப்பால் வந்து நின்றார். அர்னுல்ஃபோ பத்தடி தள்ளியே நின்றார்.

"கிட்ட வாய்யா, உன் மூக்கான்னு பாரு" என்றார் மனைவி.

"இங்கிருந்தே தெரியுது, உன் மூக்குதான். பாவம் புள்ள" என்றார்.

அதன் பிறகு மார்ச் 14 அன்று மேலாளர் கிரிசாந்தோ புயெனாஃபே, தம் பிறந்தநாளுக்காக நெருப்பில் வாட்டிய முழுப் பன்றி ஒன்றைச் சந்தையில் வாங்கி, குளிக்காமல் பக்கவாசல் வழியாகக் கொண்டுவந்தார். நான் தடுத்தேன்.

"வாத்தியாரே, இது பள்ளிக்கூடமில்ல. தோலு மொறுமொறுன்னு இருக்கு, தின்னுட்டுப் பேசுங்க" என்றார்.

தொடையெலும்பை ஒட்டிய கறி வேகாமல் சிவந்திருந்தது. அதன் பிறகு, மிச்சத்தை வீணாக்கக்கூடாது என்று, வீடுகளில் செய்வதுபோலக் கழுநீரில் கலந்து, தம் கையாலேயே மூன்றாம் கொட்டகைத் தொட்டியில் கொட்டினார். சினைப் பன்றிகள் அந்த எலும்புகளைக் கடிக்கும் சத்தம் கேட்டது. மேலாளர் விரலில் இருந்த கொழுப்பைத் தொட்டியின் விளிம்பில் துடைத்துக்கொண்டார். நானும் ஒரு துண்டுத் தோல் தின்றிருந்தேன்.

அதன் பிறகு மார்ச் 23 அன்று அதே கொட்டகையில் பன்றிகள் காது கறுத்து, இரை எடுக்காமல் விழத் தொடங்கின. ஒரு வாரத்தில் பண்ணையின் பன்றிகள் எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடினார்கள். அதன் பிறகு மேலாளர் என்னை அழைத்தார்.

"வேலியோரம் பொண்டாட்டியக் கொஞ்சினானே, அவன்தான் நோயக் கொண்டுவந்தான். அவன் வாயால சொன்ன மாதிரி எழுதுங்க."

வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதினேன். அர்னுல்ஃபோவுக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன எழுதியிருக்கீங்க வாத்தியாரே?"

"வேலை சம்பந்தமா" என்றேன்.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார்.

அந்தத் தாளைக் கொண்டே அவரை இந்தக் காவல் நிலையத்தில் அடைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சொல்லும் அவருடையது அல்ல. குழந்தை பிறந்து இன்றோடு முப்பத்தைந்து நாள். அவர் இன்னும் அதைத் தொடவில்லை.

மேலே உள்ளவை நான் கண்டதும் செய்ததும், பொய் கலக்கவில்லை. எழுதி முடித்ததை அர்னுல்ஃபோவின் முன்னால் உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் கேட்ட பிறகு, கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) தி. மக்சினோ
ஏப்ரல் 3