எல் போட் கழட்டாத ஸ்கூட்டி

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் படகில், ஒரு ஸ்கூட்டியைப் பிடித்தபடி நின்ற இளம்பெண்ணிடம் பக்கத்திலிருந்த அக்கா கேட்டார்.

"லைசன்ஸ் எடுத்திட்டாய்தானே புள்ள, இன்னும் ஏன் எல் போட்டைக் கழட்டல்ல?"

"கழட்ட மனம் வருகுதில்ல அக்கா."

"அது பழகிறாக்களுக்குத்தானே. பொலிஸ் கண்டா ஏசும்."

"பழகக்குள்ள அதைப் போட வெக்கமா இருந்திச்சி. வட்டைக்கு வயல் வேலைக்குப் போறவங்க பார்த்துச் சிரிப்பாங்க. நான் கழட்டி ஒளிச்சி வைப்பன். என்ட மனுசன் ஐஸ்கிரீம் பெட்டி மூடியில 'எல்' எண்டு எழுதித் திரும்ப ஒட்டுவார். 'நான் திரும்பிக் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு உனக்குப் பின்னால ஆரும் இருக்கமாட்டாங்க, ஆக்கள் கண்டு விலகட்டும்' எண்டுவார்."

"அவர் சொன்னது சரிதானே."

"சரிதான். ஆனா அவர் வந்த லீவு முழுக்க இதுக்காகத்தான் சண்டை பிடிச்சம். இப்ப அவர் திரும்பிப் போயிட்டார்."

படகு கரை தட்டியதும் அந்த அக்கா குனிந்து, மூடியின் ஓரத்தில் கிளம்பியிருந்த டேப்பைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கிப் போனார்.