கடலை இன்னும் வெட்டவில்லை

மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது தாண்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்: "பல்கனிக்கு முன்னாலை கடலாம். ஆனா கடலை இனித்தான் வெட்டுவினமாம்."

"எங்கை அக்கா?"

"டுபாய்க்கு அங்காலை, பாலைவனத்திலை. இஞ்ச ரூஜிலை இருக்கிற எங்கட வீட்டை வித்துப்போட்டு அங்க பிளாட் வாங்குவம் எண்டு இவர் ஒரே பிடி. போன மாசம் போய்ப் பாத்தனாங்கள். விக்கிற ஆள் எங்களை வெறும் மணலிலை கொண்டுபோய் விட்டிட்டு, 'இதுதான் உங்கட பெட்ரூம்' எண்டார்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"அதிலையே கையெழுத்து வைக்க வெளிக்கிட்டிட்டார். அங்க வேலை செய்யிற மட்டக்களப்பு ஆள் ஒருத்தரிட்டை நான் மெல்லக் கேட்டன், இஞ்ச இருக்கலாமோ எண்டு. 'பொழுதுபட்டாப் பிறகுதான் வெளியிலை வரலாம் அக்கா' எண்டார்."

"பிறகு?"

"ரூஜ் வீடு ரெண்டு பேற்றை பேரிலையும்தானே இருக்கு. விக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"அண்ணைக்குக் கோவமோ?"

"கோவமில்லை. அந்த பிளாட்டின்ரை படத்தையே பாத்துக்கொண்டிருக்கிறார்."

ஜன்னலோரம் இருந்தவர் இறங்குவதற்காக மணியை அழுத்தினார்.

"இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். அந்த மணலுக்கை நிண்டு சிரிச்ச மாதிரி அவர் இஞ்ச ஒருநாளும் சிரிச்சு நான் காணேல்லை, பிள்ளை."