நடக்காத துட்டிக்குக் குளித்தவர்

இந்தப் படத்திறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்று, தாமே தலைவாசலில் நின்று எல்லாரையும் வரவேற்ற தீப்பெட்டித் தொழிலதிபர், மரியாதைக்குரிய பெருமாள்சாமி அண்ணாச்சி அவர்களே. வாசகசாலையை வளர்த்து, வளர்ந்தவர்களையும் வாசிக்க வைத்த நிர்வாகக் குழுப் பெரியோர்களே. கடைசிப் பேருந்தைப் பற்றிக் கவலைப்படாமல் கழுகுமலையிலிருந்து வந்திருக்கும் உறவுகளே. பகலெல்லாம் தீக்குச்சிக் கட்டை அடுக்கிவிட்டு, வீட்டில் உலையும் வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் எங்கள் பேச்சைக் கேட்கப் பொறுமையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே. முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் சீனித்தாய் அம்மா அவர்களே. புதியம்புத்தூர் தையல்காரர் மகள் பூங்கொடி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தலைவர் அவர்கள் என்னை ‘விமானம் ஓட்டிய வீராங்கனை’ என்று அறிமுகம் செய்தார்கள். அண்ணாச்சி மன்னிக்க வேண்டும். நான் ஓட்டிய விமானத்துக்கு எஞ்சினும் இல்லை, இறக்கையும் இல்லை. அது எப்படி என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஏனென்றால், அதைச் சொன்னால்தான் இந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்பது விளங்கும்.

அவர் பெயர் சங்கரபாண்டியன். சீனித்தாய் அம்மாவின் கணவர். கழுகுமலையில் பிறந்து, சென்னையில் ரேடார் திரையின் முன் அமர்ந்து, விமானங்களுக்கு வழி சொன்னவர். போன கார்த்திகையில் நம்மை விட்டுப் போனவர். அவரைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. “ரெண்டு ஏரோப்ளேன மோதவிட்டு, சீட்டுக் கிழிஞ்சவருல்லா” என்று டீக்கடையில் சொன்னார்கள். கல்யாணப் பந்தியில் சொன்னார்கள். இந்தச் சுவரில் இவர் படத்தை மாட்டலாமா என்று யோசித்த கூட்டத்திலும் ஒருவர் சொல்லியிருக்கிறார். சொன்னவர் இங்கே இருந்தால் அவருக்கும் என் வணக்கம். அவருக்காகத்தான் முக்கியமாகப் பேசுகிறேன்.

மோதியது உண்மை. மோதவிட்டவர் இவர் என்பதும் உண்மை. மோதிய இரண்டில் ஒன்றை ஓட்டியவள் நான். அன்றைக்குச் செத்தவள்தான் உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

பின்வரிசையில் யாரோ, “என்னம்மா சொல்லுதே” என்கிறீர்கள். சொல்லுகிறேன் ஐயா, கொஞ்சம் பொறுங்கள்.

புதுத் தேர் செய்தால் நாம் என்ன செய்கிறோம்? செய்த அன்றே சாமியை ஏற்றிவிடுகிறோமா? இல்லை. வெள்ளோட்டம் விடுகிறோம். வெறுந்தேரை வீதி சுற்றி இழுக்கிறோம். எந்த முக்கில் முட்டுகிறது, எந்தத் திருப்பத்தில் திணறுகிறது என்று பார்த்த பிறகுதான் சாமி தேரேறுகிறது. தேருக்கு வெள்ளோட்டம் வேண்டும் என்றால், வானத்துக்கு வேண்டாமா? தெரு நாலே நாலு உள்ள ஊருக்கே அது வேண்டும் என்றால், தெருவே இல்லாத வானத்துக்கு வேண்டாமா?

அதைத்தான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நாங்கள் செய்தோம். இன்னும் பத்தாண்டு கழித்து இந்த நாட்டின் மேலே எத்தனை விமானங்கள் பறக்கும் என்று கணக்கிட்டு, டெல்லியும் பம்பாயும் கல்கத்தாவும் சென்னையும் சேர்ந்த மொத்த வானத்தையும் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். எங்கே புதுப் பாதை வேண்டும், எங்கே கூடுதல் ஆள் வேண்டும் என்று அதில் ஓட்டிப் பார்த்துத்தான் திட்டம் தீட்டுவார்கள். ஓர் அறையில் ரேடார் திரை, அதன் முன் சங்கரபாண்டியன் அண்ணாச்சி. அடுத்த அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு நாங்கள். அவர் “ஏறு” என்றால் விசையைத் தட்டுவோம், திரையில் என் புள்ளி ஏறும். “இறங்கு” என்றால் இறங்கும். விமானியாக நடித்துப் பதில் சொல்வதுதான் என் உத்தியோகம். ஆயிரம் விமானம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை.

கட்டை அடுக்கும் தாய்மார்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். குச்சிக்கும் குச்சிக்கும் இடைவெளி விடாமல் அடுக்கினால் என்ன ஆகும்? அந்த அம்மா சொல்லுகிறார்கள், “மருந்து முக்கும்போது ஒட்டிக்கிடும்.” வானத்திலும் அதே நியாயம்தான் அம்மா. இடைவெளிதான் உயிர். அதைக் காப்பதுதான் அவர் வேலை.

அன்றைக்கு வருங்கால வானத்தைக் கணினியில் ஏற்றினார்கள். திரை முழுக்கப் புள்ளிகள். சென்னையை நோக்கி நான் இறங்குகிறேன். வேறொரு விமானம் ஏறுகிறது. என் இறக்கத்தை நிறுத்தவேண்டிய நேரத்தில் நாலு விமானங்கள் ஒன்றாக அவரைக் கூப்பிட்டன. நாலுக்கும் அவர் நிதானமாகப் பதில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு புள்ளி ஒரு புள்ளியாகிவிட்டது.

மோதினால் அந்த விமானி பேசக்கூடாது. அது ஒத்திகையின் விதி. செத்தவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? அவர் என் விமானத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பேசவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். பேசவில்லை. மூன்றாவது தடவை எண் போய்விட்டது, இங்கிலீஷும் போய்விட்டது. “பூங்கொடி, கேக்குதாம்மா” என்றார். நடுவில் ஒரு சுவர்தான். எழுந்து ஓடிப்போய், “இங்கன இருக்கேன் அண்ணாச்சி” என்று சொல்ல என் நெஞ்சு துடித்தது. விதியை மதித்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த அமைதி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மேலதிகாரி வந்தார். கெட்டவர் அல்ல, அண்ணாச்சி மேல் பிரியம் உள்ளவர். “விளையாட்டுல ஒரு அவுட்டுக்கு இப்படி இடிஞ்சு போகலாமா? கம்ப்யூட்டர் கோளாறுன்னு எழுதிருவோம். உங்க பேரும் கெடாது” என்றார். பெரியோர்களே, ஒரு தலையசைப்புப் போதும். பதவி நிலைக்கும், பெயர் நிலைக்கும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?

அவர் சொன்னார்: “கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு சார். நானும் நல்லாத்தான் இருக்கேன். கண்ணு தெரியுது, ராத்திரி நல்லாத் தூங்குனேன். அப்படியும் விட்டுட்டேன்லா. இத்தனைய ஒரு ஆளால பார்க்க முடியாது. நாளைக்கு இந்தச் சீட்டுல உக்காருத பிள்ளையும் விடும். அன்னைக்கு அது புள்ளியா இருக்காது. உள்ளது உள்ளபடி எழுதுங்க.”

எழுதினார்கள். ரேடாரின் முன்னிருந்து அவரை எழுப்பி, மூலையில் ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அவர் மறுபடி அந்த நாற்காலியில் அமரவே இல்லை. ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் போனது. “மறுத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று நான் சண்டையே போட்டேன். “மோதவிட்டது நாந்தானே. அவிய பொய் ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

மோதல் நடந்த அன்று மாலை அவர் வீட்டில் நடந்ததைச் சீனித்தாய் அம்மா எனக்குச் சொன்னார்கள். வேலை முடிந்து வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. சாவு வீட்டில் துட்டி கேட்டுவிட்டு வந்தவர் போலப் பின்பக்கமாகப் போய், சட்டையோடு நின்றாராம்.

“யாரு தவறிட்டா?”

“முன்னூறு பேரு.”

“ஐயையோ, எந்த ஊர்லங்க?”

“இன்னும் எந்த ஊர்லயும் இல்ல. நீ தண்ணிய ஊத்து.”

சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த காலம். வீட்டில் இருந்தது ஒரு குடம். அந்த ஒரு குடத்தையும் அவர் தலையில் ஊற்றினார்களாம், காரணம் புரியாமலே.

மேலே இருந்தவர்களுக்கு அது விளையாட்டு. கணினிக்கு அது கணக்கு. பிறக்கவே பிறக்காத ஒரு சாவுக்குப் பங்காளியாய் நின்று குளித்தவர் இவர் ஒருவர்தான். எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம். விபத்துக்கு முன்பே அழுதவரை எங்கே பார்த்திருக்கிறோம்?

அந்த அழுகை வீண்போகவில்லை. அவர் எழுதச் சொன்ன உண்மை திட்டத்தில் ஏறியது. நாள் பிடித்தது, ஆனால் நடந்தது. அந்த வான்பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவர் பார்த்ததை இப்போது இருவர் பார்க்கிறார்கள். ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை. நம் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி மாதம் தவறாமல் மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கிறார்கள். அந்த வழியாகத்தான் இறங்குகிறார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்கள்.

போன வாரம் இந்த விழாவுக்கு அழைக்கப் போனபோது இதைச் சீனித்தாய் அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் கேட்டார்கள்: “அப்ப அந்தத் துட்டி இனி நடக்காதா?”

“அந்த எடத்துல, அந்த மாதிரி நடக்காதும்மா.”

“அப்ப நான் அன்னைக்கு ஊத்துன தண்ணி வீணா?”

“வீண்தாம்மா.”

அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வீணாவே போகட்டும்” என்றார்கள்.

கரிசல் காட்டு மக்களே, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினாலும் உயிர் சிந்தியதாய் எண்ணுகிற ஊர் இது. மழை பொய்த்தால் மண்ணோடு சேர்ந்து மனமும் வெடிக்கிற ஊர் இது. இந்தக் கரிசல் மண்ணில் பிறந்த ஒருவர் தலையில் ஊற்றிய ஒரு குடம் தண்ணீர் வீணாய்ப் போயிருக்கிறது. அது வீணாய்ப் போவதற்காகத் தன் நாற்காலியைக் கொடுத்தார், தன் பெயரையும் கொடுத்தார். நாற்காலியை நம்மால் திருப்பித் தர முடியாது. பெயரைத் தரலாம்.

படத்தைத் திறக்க அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தகுதி எனக்கு இல்லை. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய கைதான் இன்றைக்குத் துணியை விலக்க வேண்டும். அம்மா, மேடைக்கு வாருங்கள். இந்த முறை அவர் கூப்பிட்டால், “கேக்குது அண்ணாச்சி” என்று நானும் இந்த ஊரும் சேர்ந்து சொல்லுகிறோம்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. எழுந்து நின்று அம்மாவுக்கு வழிவிடும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.