சூரியன் மேல் ஒரு புகார்

— அண்ணனுக்காக ஒரே ஒரு வரி போதும், ரஃபத். 'எல்லாம் சூரியன் பண்ற வேலை'ன்னு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

— மாட்டேன், பாய்ஜான்.

— இன்னா மாட்டேன்? வேலூர்லேர்ந்து உன்னைக் கார்ல ஏத்தி, ஏசி போட்டு ஆம்பூர் கூட்டிட்டுப் போறது பிரியாணி சாப்பிடவா? அங்க என் ஃபேக்டரில லேபர் ஆபீசர் விசாரணைக்கு வந்து உக்காந்திருக்காரு. ஷூ தைக்கிற லைன்ல மூணு பொம்பளைங்க மயங்கி விழுந்தாங்களாம், அதுக்குக் காரணம் நானாம்.

— விழுந்தது நிஜம்தானே?

— யாரு இல்லேன்னா? இந்த வருஷ வெயில் அப்படி. அதைத்தான் உன்னைச் சொல்லச் சொல்றேன். நீ காலேஜ்ல ஃபிசிக்ஸ் நடத்தறவ. சூரியனைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்கினவ. நீ சொன்னா அந்த ஆளு மறுபேச்சு பேச மாட்டாரு.

— அதனாலதான் மாட்டேங்கறேன்.

— ஒரு வீடியோ அனுப்பினேனே, பாத்தியா? தலை நரைச்ச வெள்ளைக்காரன். பதினோரு வருஷத்துக்கு ஒருக்கா சூரியன் உச்சத்துக்கு வருமாம். கரும்புள்ளி ஜாஸ்தியாயிடுமாம். இப்ப அந்த உச்சம்தான்னு சொல்றான். பொய்யா?

— பொய் இல்ல. உச்சத்துலதான் இருந்துச்சு. கரும்புள்ளியும் ஜாஸ்தி.

— அப்புறம் இன்னா பேஜார் உனக்கு!

— முழுசா கேளுங்க. சூரியன் பொங்கறப்பவும் அடங்கறப்பவும் அது நமக்குத் தர்ற சக்தில எவ்ளோ வித்தியாசம்னு நெனைக்கறீங்க? ஆயிரத்துல ஒரு பங்கு, அவ்ளோதான். கொரோனாவுக்கு முந்தின வருஷம் சூரியன் சுத்தமா அடங்கிக் கிடந்துச்சு. வாரக்கணக்கா ஒரு புள்ளி கூட இல்லாத வெறும் தட்டு. அந்த மே மாசம்தான் நீங்க ஹாலுக்கும் ஏசி வாங்கி மாட்டினீங்க.

— அது உங்க அண்ணி நச்சரிச்சு வாங்கினது.

— அண்ணிக்கு வேர்த்துதானே நச்சரிச்சாங்க?

— பேச்சை மாத்தாத. ஒரு காலத்துல சூரியன்ல புள்ளியே இல்லாம போய், லண்டன்ல ஆறு உறைஞ்சு போச்சாம். ஜனங்க அது மேல கடை போட்டு வியாபாரம் பண்ணாங்களாம். அதையும் அந்த ஆளு சொன்னான்.

— அதுல சூரியனுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். எரிமலைக்கும் இருக்கு. யாருக்கு எவ்ளோ பங்குன்னு எங்க ஆளுங்க இன்னமும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. நான் எதையும் மறைக்கல. ஆனா சாட்டிலைட் வெச்சு சூரியனை அளக்க ஆரம்பிச்சு அம்பது வருஷம் ஆகப்போவுது. சூரியன் ஏறல, பூமி மட்டும் ஏறுது. அதுவுமில்லாம, சூரியன் ஜாஸ்தியா காயுதுன்னா வானத்துல ரொம்ப மேல இருக்கற காத்தும் சூடாகணும். அங்க குளிருது. கீழதான் கொதிக்குது.

— அதெப்படி?

— கம்பளி போத்தினா உள்ள இருக்கறவனுக்கு வேர்க்கும், கம்பளிக்கு வெளிய சில்லுன்னுதானே இருக்கும்? நாம எரிக்கற கரியும் டீசலும் போத்தின கம்பளி இது.

— ஆங், இப்ப வந்தியா வழிக்கு! கரியை எரிக்கறது நானா? அமெரிக்கா எரிக்குது, சைனா எரிக்குது. நான் ஆம்பூர்ல உக்காந்து ஷூ தைக்கறேன். சூரியனும் என் பேச்சைக் கேக்காது, சைனாவும் கேக்காது. எப்டிப் பாத்தாலும் குத்தவாளி நான் இல்ல.

— வெளிய வேப்பமரத்தடில இருக்கறதைவிட உங்க ஷெட்டுக்குள்ள சூடு ஏன் ஜாஸ்தி, பாய்ஜான்? சூரியன் உங்க விலாசம் கேட்டு வந்து தனியா காயுதா?

— ஷெட்டுன்னா அப்படித்தான் இருக்கும்.

— தகர ஷீட்டு. ஒசரமும் இல்ல. பக்கத்துலயே சோல் ஒட்டற ஹீட்டர். ஜன்னல்ல பாதியை ஸ்டாக்கு வெச்சு அடைச்சிருக்கு. உலகம் சூடாவறதுக்கு உங்களை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. இதுக்குத்தான் பதில் கேக்கறாங்க.

— ரஃபத், நான் உனக்கு இன்னா குறை வெச்சேன்? 'பொட்டப்புள்ளை பெங்களூர் போய் சூரியனைப் பாக்கப் போறாளா, இங்க தெரியற சூரியன் போதாதா'ன்னு அப்பா குதிச்சாரு. நான்தான் குறுக்க நின்னேன். காட்பாடில உன்னை ரயிலேத்தி விட்டுட்டு, வீட்டுக்கு வந்து அவர்கிட்ட அறை வாங்கினேன். இருவத்தெட்டு வயசுல, கல்யாணம் ஆனவன், பொண்டாட்டி எதுர்ல!

— மறக்கல. அங்க போய் நான் இன்னா தேடினேன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?

— சூரியனைத் தேடினே.

— நம்ம மழையை ஆட்டி வைக்கறது அந்தக் கரும்புள்ளிதான்னு நிரூபிக்கப் போனேன். எங்க ப்ரொஃபசர் ஆயுசு பூரா நம்பினது அது. நானும் நம்பினேன். நூறு வருஷத்துச் சூரியப் படங்களை எடுத்து வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியா எண்ணினேன். வந்துடு, வந்துடுன்னு கணக்குகிட்ட கெஞ்சினேன். மழைக்கும் புள்ளிக்கும் சம்பந்தம் வரல. இல்லாததை இல்லேன்னுதான் எழுதினேன். ப்ரொஃபசர் ரொம்ப நாள் என் முகத்தைப் பாத்துப் பேசல. என் சொந்த ஆசைக்கே நான் பொய் எழுதல, பாய்ஜான். உங்க ஷெட்டுக்காகவா சொல்லுவேன்? என்னை அனுப்பிட்டு நீங்க அறை வாங்கினது, நான் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான்னு இத்தனை நாள் நெனைச்சுட்டிருந்தேன்.

— சரி. ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா பக்கத்துல உக்காரு. 'டாக்டர் ரஃபத் ஜஹான், என் தங்கச்சி'ன்னு அறிமுகப்படுத்திட்டு நானே பேசிக்கறேன். விசாரணை முடியட்டும், அந்த ஜாஸ்மினை அன்னிக்கே வெளிய தள்றேன். லைன் லீடர்னு தலைமேல தூக்கி வெச்சா, எனக்கே எதிரா புகார் கொடுத்திருக்கா.

— ஜாஸ்மின் கொடுக்கல.

— உனக்கு எப்டித் தெரியும்?

— நான்தான் கொடுத்தேன்.

— நீயா?

— பாய்ஜான், ரோட்டைப் பாருங்க! லாரி!

— இன்னா சொன்னே? திருப்பிச் சொல்லு.

— வண்டியை ஓரமா நிறுத்துங்க, சொல்றேன்... அன்னிக்கு மாம்பழக் கூடை கொடுக்க ஃபேக்டரிக்கு வந்தேன் இல்ல? அப்பதான் உங்க தையல் லைன் ஷர்மிளாவைத் தூக்கிட்டு வந்து லாரி நிழல்ல கிடத்தினாங்க. கண்ணு மேல சொருகியிருந்துச்சு. உங்க சூப்பர்வைசர், 'காலைல சாப்பிடலன்னு எழுதிக்கோ'ன்னான். நீங்க அங்கதான் நின்னுட்டிருந்தீங்க. வாயைத் தொறக்கல.

— என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா? கூடப் பொறந்தவன் இல்லையா நான்?

— மறுநாளே போன் பண்ணிச் சொன்னேன். 'வெயில் காலத்துல வெயில்தான் அடிக்கும், உன் காலேஜ் வேலையைப் பாரு'ன்னு வெச்சிட்டீங்க. அடுத்த வாரமே இன்னும் ரெண்டு பேர் விழுந்தாங்க.

— இறங்கு.

— இறங்கறேன். பின்னாடியே பஸ் வரும். உங்களுக்கு அப்புறம் வந்தாலும் வந்து நிப்பேன். புகார் கொடுத்தவளா நிப்பேன்.

— ஏய், நில்லு... உக்காரு உள்ள. பள்ளிகொண்டா டோல்கேட் ஓரத்துல இஷ்தியாக் அகமது தங்கச்சி வெயில்ல நிக்கறான்னு ஊரு பேசணுமா? கதவை மூடு. கூலிங் போவுது.

— மூடிட்டேன்.

— ஆம்பூர் வர்ற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத.

— சரி.

— கூடப் பொறந்தவளா நீ?

— பேசாதேன்னீங்க.

— பேசாத!

— ஆம்பூர் வந்தாச்சு. இப்பப் பேசலாமா?

— ஃபேக்டரி வாசல்ல இன்னா இவ்ளோ கூட்டம்? மிஷின் சத்தத்தையே காணோம். ஏய், ஜாஸ்மின்! லைனை யாரு நிறுத்தினது?

— வாங்க சார். வணக்கம் மேடம். நாங்கதான் சார் நிறுத்தினோம்.

— யாரைக் கேட்டு? ஆபீசர் எங்க? ஏசி ரூம்ல உக்கார வெக்கச் சொன்னேனே!

— உக்கார வெச்சோம் சார். ஜூஸும் கொடுத்தோம். 'இந்த வருஷம் சூரியன் ஒரு மாதிரி காயுது, யாரு இன்னா பண்ண முடியும்'னு மேனேஜர் சார் சொன்னாரு. ஆபீசரும் தலையாட்டி எழுதிட்டிருந்தாரு. அப்பதான் ஷர்மிளா போய்க் கேட்டா, 'நான் விழுந்த எடத்துல கொஞ்ச நேரம் உக்காந்து எழுதறீங்களா சார்'னு.

— ஷர்மிளாவா? அவளை லீவு போட்டு வீட்ல இருக்கச் சொன்னேன்!

— லீவுலதான் சார் வந்தா.

— அந்த ஆளு உக்காந்தாரா?

— உக்காந்தாரு மேடம், நல்ல மனுஷன். ஒரு பக்கம் எழுதி முடிக்கல. சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. பேனா கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சவரு நிமிரவே இல்ல.

— யா அல்லா! இன்னா ஆச்சு அவருக்கு?

— பதறாதீங்க சார். ஏசி ரூமுக்கே தூக்கிட்டுப் போய் படுக்க வெச்சோம். டாக்டர் வந்து பாத்துட்டாரு. இப்ப தெளிவா பேசறாரு. 'காலைல சாப்பிடலியா சார்'னு நம்ம சூப்பர்வைசர் கேட்டாரு பாருங்க, 'நாலு இட்லி ரெண்டு வடை சாப்டேன்யா'ன்னு எழுந்து உக்காந்து கத்தினாரு.

— சிரிக்காத, ரஃபத்.

— நான் சிரிக்கல.

— சரி, அவரை நான் பாத்துப் பேசிக்கறேன். நீங்கல்லாம் மிஷினுக்குப் போங்க. ஆர்டர் நிக்குது.

— அவரு எழுதறதை அவரு எழுதிக்கட்டும் சார். இது எங்க பேச்சு. ரெண்டாவது லைன்ல, ஷர்மிளா விழுந்த எடத்துலயே நாற்காலி போட்டிருக்கோம். மொதல்ல நீங்க உக்காரணும். அப்புறம்தான் நாங்க மிஷின்ல உக்காருவோம்.

— இன்னா, மிரட்டறியா? உன் வேலை இன்னியோட போயிடும், தெரியும் இல்ல?

— போவட்டும் சார். பேரணாம்பட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றவ நான். எங்கயாவது தச்சுப் பொழைச்சுக்கறேன். ஆனா பாருங்க, என் பின்னாடி நிக்கற அத்தனை பேரையும் நீங்க வெளிய தள்ளணும்.

— பாய்ஜான், நானும் உங்க பக்கத்துல உக்கார்றேன்.

— நீ ஒண்ணும் உக்கார வேணாம்! யாருக்கு பயம்? எங்க அப்பாவோட சேந்து மே மாசத்து மொட்டை வெயில்ல தோல் காய வெச்சவன் நான். இவங்க பொறக்கறதுக்கு முன்னாடி! ஒரு மணி நேரம் இன்னா, ஒன்றரை மணி நேரம் உக்கார்றேன். வழி விடுங்க. எங்க அந்த நாற்காலி?

— ஒரு மணி நேரம்னு யாரு சார் சொன்னது? ஒரு ஷிஃப்ட்டு.