நாலு கட்டையில் மட்டும் அக்கா

1987 ஆகஸ்ட் 12, புதன். அலுவலகம் முடிந்து, சிம்மக்கல்லில் காய்கறி வாங்கிக்கொண்டு, வழக்கம்போல ஆனையூர் பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் இருவர். இளையவன் மடியில் சிறிய கீபோர்டு. கச்சேரிகளில் வாசிக்கிறவன் போலும்.

“கேசட்டுலருந்து அக்கா கொரல இந்தக் கீபோர்டுல ஏத்திட்டேன், மாமா. ஆனா மேல் கட்டைய அமுக்குனா அக்கா சின்னப்புள்ளயாயிருது. கீழ வந்தா ஆம்பளக் கொரலு,” என்றான்.

“கேசட்டுல நல்லாத்தானே இருந்துச்சு, மாப்ள?” என்றார் மற்றவர்.

“அதுல தாலாட்டோட மொத ‘ஆ’ மட்டுந்தான் இருக்கு. அந்த ஒத்தச் சுரத்தத்தான் இது வேகமா ஓட்டி மேல ஏத்துது, மெதுவா ஓட்டிக் கீழ எறக்குது. அந்தச் சுரத்துக்குப் பக்கத்துல நாலு கட்டைய அமுக்குனாத்தான் அக்கா மாதிரி இருக்கு.”

“அவ செத்ததுலருந்து பாப்பா தூங்கலடா. முழுப் பாட்டுக்கு என்ன செய்யணும்?”

“மத்த சுரத்தையும் அக்காவே பாடிப் பதிஞ்சிருக்கணும், மாமா.”

“அவ பாடிக்கிட்டுத்தான் இருந்தா. கேசட்டு வீணாகுதுன்னு நாந்தான் நிறுத்தினேன்.”

கோரிப்பாளையம் தாண்டியதும் இளையவன் கீபோர்டை உறைக்குள் வைத்தான்.

மறுநாள் காலை எழுந்ததும் முதலில் ரேடியோவை நிறுத்தினேன். அடுக்களையில் என் மனைவி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.