தபால் பெட்டியில் ஒரு பெயர்

நான் எந்தக் காலத்துலயும் அடுத்தவங்க கடுதாசியப் பிரிச்சவ இல்ல. மொதல்ல அத மனசுல வச்சுக்கோ, பிரிஸ்கா. ஸ்பூன் டப்பாவுக்கு அடியில நீ எடுத்த சீட்டுல இருக்கிறது நதேஜ் பேரு. இப்ப நீ படுக்கிற ரூம்ல உனக்கு முன்னாடி இருந்தவ. போனவ பேர ஏன் பத்திரமா வச்சிருக்கீங்கன்னு கேட்டே. கேட்டதுல தப்பில்ல. உக்காரு, வாழைக்காய் வறுத்திருக்கேன், சாப்பிட்டுக்கிட்டே கேளு.

நதேஜும் நானும் கேமரூன்ல, பாஃபூசாம்ல ஒரே பள்ளிக்கூடம். அவ எனக்கு நாலு வயசு சின்னவ. அவள ஜெர்மனிக்கு, இந்தப் பிரேமனுக்கு வரச் சொன்னதே நான்தான். ரெண்டு பேருக்கும் ஒரே படிப்பு, தண்ணி சுத்திகரிப்பு. நான் அரியர் வச்சு இழுத்துக்கிட்டே போனேன், அவ ஒரே மூச்சுல முடிச்சா. அதனால ஒரே நாள்ல பட்டம் வாங்கினோம். அப்புறம் வேலை தேட பதினெட்டு மாசம். அதுக்குள்ள படிப்புக்கு ஏத்த வேலை கெடைக்கலேன்னா மூட்டையக் கட்டணும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமா என்ன. எங்க ரெண்டு பேர் விசா அட்டையிலயும் செப்டம்பர் முப்பதுன்னு போட்டிருந்துச்சு.

நான் நூத்தி நாப்பது விண்ணப்பம் போட்டேன். வந்த பதில் எல்லாத்துலயும் கடைசி வரி ஒண்ணுதான், உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்னு. நான் ஊருக்குத் திரும்ப முடியாது. என் பொண்ணு ஓரியானுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன். இப்ப அவளுக்கு ஒம்போது. போன்ல என் தங்கச்சிய அம்மாங்கறா, என்னைய பேர் சொல்லிக் கூப்பிடறா. வேலைன்னு ஒண்ணு கெடச்சா அவளக் கூட்டிக்கலாம். வெறுங்கையோட போய் அவ முன்னாடி நின்னா, யாரோ ஒரு பொம்பளை வந்திருக்கான்னுதான் நெனப்பா. நதேஜுக்கு அப்படி யாரும் இல்ல. தனிக்கட்டை. எங்க போனாலும் பொழச்சுக்குவா. நான் அப்படித்தான் யோசிச்சேன்.

ஜூலையில பக்கத்து ஊர் தண்ணீர் வாரியத்துல ஒரே ஒரு இடம் காலி. ரெண்டு பேரையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. ஒரே நாள், ஒரே ரயில்ல போனோம். நான் உள்ள போனேன், பதினஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தேன். அவ உள்ள இருந்தது ஒரு மணி நேரம். கதவுக்கு இந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுது. திரும்பி வரும்போது நதேஜ், "கண்டிப்பா உங்களத்தான்க்கா எடுப்பாங்க, எங்கிட்ட சும்மா ஊர்க்கதை கேட்டாங்க"ன்னா. அவ எப்பவுமே அப்படித்தான், அடுத்தவங்க மனசு நோகாமப் பேசுவா. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

முடிவு தபால்ல வரும்னு சொல்லி அனுப்பினாங்க. இந்த நாட்டுல கவர்மெண்ட் சமாச்சாரம்னா காகிதம்தானே. இங்க வந்த புதுசுல எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையா இருந்துச்சு. நம்ம கட்டடத்துல பதினாலு குடித்தனம், ஒண்ணுக்கும் கதவு எண் கிடையாது. கீழ பெட்டியில என்ன பேரு ஒட்டியிருக்கோ அதுதான் முகவரி. பேரு இருந்தா கடுதாசி உள்ள விழும், இல்லேன்னா அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போகும். எங்க பெட்டியில ஆளுக்கொரு சீட்டு ஒட்டியிருந்தோம்.

நதேஜுக்குக் கிடங்குல விடிகாலை ஷிப்ட், மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வருவா. எனக்குச் சாயங்காலம் ஆபீஸ் துடைக்கிற வேலை. தபால் பதினோரு மணிக்கு வரும். நான் ஒம்போது மணிக்குக் கீழ போய் அவ சீட்ட உரிச்சிருவேன், பன்னெண்டரைக்குத் திரும்ப ஒட்டிருவேன். ஈரத்துணிய ரெண்டு நிமிஷம் வச்சா தடமே தெரியாது. சனிக்கிழமையில மட்டும் அவளக் காலையிலேயே மார்க்கெட்டுக்கு அனுப்பிருவேன். ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான். காத்தடிச்சாலும் பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். கடுதாசி கைக்கு வந்து அதை நான் கிழிச்சிருந்தா அது பாவம். நான் எதையும் தொடல.

மூணாம் நாள் காலிங் பெல் அடிச்சுது. தபால்கார வூபேனா அம்மா. எட்டு வருஷமா இதே தெருவுக்கு மஞ்சள் சைக்கிள்ல வர்றவங்க, நதேஜ்னா உசிரு. கையில ஒரு நீள உறையோட நின்னாங்க.

"அந்தப் பொண்ணு பேரக் காணோமே?"

"ஊருக்குப் போயிட்டா"ன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?" அவங்க முகம் வாடிப் போச்சு. உறைய மறுபடியும் பையில வச்சுக்கிட்டு எறங்கிப் போனாங்க. அதுல வாரியத்தோட முத்திரை இருந்துச்சு. என் கைய நான் நீட்டவே இல்ல.

ஒரு வாரம் கழிச்சு வாரியத்துலேர்ந்து போன். நதேஜ் போன் கிடங்குத் தொட்டியில விழுந்து செத்துப் போனதால விண்ணப்பத்துல என் நம்பரைத்தான் குடுத்திருந்தா. கடுதாசி திரும்பி வந்திருச்சு, நதேஜ் அங்க இருக்காங்களான்னு ஒரு அம்மா மரியாதையா கேட்டாங்க. நதேஜ் அப்ப அடுப்படியில வெங்காயம் நறுக்கிக்கிட்டு ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தா. நான் பால்கனிக்குப் போய்க் கதவச் சாத்தினேன். அவங்க கேமரூனுக்கே திரும்பிட்டாங்க, கல்யாணம்னு சொன்னேன். நல்லா இருக்கட்டும்னாங்க. அடுத்த வாரம் எனக்கு வேலை உத்தரவு வந்துச்சு. என் பேருலதான் வந்துச்சு.

அன்னிக்கு நதேஜ் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா, சந்தோஷத்துல. கேக் பண்ணினா. ராத்திரி மட்டும், "எனக்கு முடியாதுன்னு ஒரு பதில்கூடப் போடலியேக்கா, அவ்வளவு மோசமாவா பேசினேன்"னு கேட்டா. இந்த ஊர்க்காரங்க அப்படித்தான்னு தலையத் தடவி விட்டேன். வேற இடத்துக்கும் போட்டிருந்தா, ஏழெட்டு இருக்கும். அதுக்கெல்லாம் பதில் வந்துச்சா, வந்து திரும்பிப் போச்சான்னு எனக்குத் தெரியாது. நான்தான் அடுத்தவங்க கடுதாசியப் பாக்கிறவ இல்லையே. செப்டம்பர் ஒண்ணாந்தேதி நான் வேலையில சேர்ந்தேன். அன்னிக்குக் காலையிலேர்ந்து அவ பேரை உரிக்கல. அவசியம் இல்லாததச் செய்யறவ இல்ல நான்.

அந்த ஒரு மாசமும் அவ பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடினா. கம்பெனி கம்பெனியா நேர்ல போய் நின்னா. கால் வீங்கிப் போய் வருவா, நான் வெந்நீர் வச்சுக் குடுப்பேன். கடைசியில டிக்கெட்டும் நான்தான் போட்டேன். ஓரியானுக்கு ஒரு ஜோடி சிவப்பு ஷூ வாங்கி அவ பையில வச்சேன், கொண்டு போய்க் குடுத்துருன்னு.

செப்டம்பர் இருபத்தொம்போது காலையில ட்ராம் நிறுத்தத்துல நிக்கிறோம். வூபேனா அம்மா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நதேஜப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "எப்பத் திரும்பி வந்தே? பெட்டியில மறுபடியும் பேரைப் பாத்தப்பவே நெனச்சேன்"னாங்க. "ஜூலையில நீ ஊருக்குப் போயிட்டேன்னு இவங்க சொன்னப்ப எனக்கு ஒரே வருத்தம். உனக்கு வாரியத்துலேர்ந்து வந்ததைக்கூடத் திருப்பி அனுப்பிட்டேனே."

நதேஜ் என்னையப் பாத்தா. நான் ட்ராம் வருதான்னு பாத்தேன். அவ குனிஞ்சு பையோட ஜிப்பைத் திறந்தா. ஷூவத் தூக்கி என் மூஞ்சியில எறியப் போறான்னு நெனச்சேன். எறிஞ்சிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். ஷூ டப்பாவ எடுத்துத் திருப்பிப் பாத்தா.

"சைஸ் முப்பத்திரண்டு போட்டிருக்கு. ஓரியானுக்குச் சரியா இருக்குமாக்கா?"

"இருக்கும்"னேன்.

மறுபடியும் உள்ள வச்சு மூடினா. ட்ராம் ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்தா. திரும்பிப் பாக்கல. சரியாத்தான் இருந்துச்சாம், தங்கச்சி சொன்னா. என்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலியாம். ஷூவக் குடுத்துட்டு, தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாளாம். மன்னிச்சுட்டான்னுதானே அர்த்தம். இல்லேன்னா அவ்வளவு தூரம் ஷூவச் சுமந்துக்கிட்டுப் போவாளா? அன்னிக்குச் சாயங்காலமே அவ சீட்ட உரிச்சு இந்த ஸ்பூன் டப்பாவுக்கு அடியில வச்சேன். குப்பையில போட மனசு வரல.

ஏன் சாப்பிடாம வச்சிருக்கே? ஆறிப் போகுது பாரு.

எங்க வாரியத்துல நிரந்தர இடத்துக்கு நீயும் போட்டிருக்கேன்னு நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது. நல்லதுதான். என்னோடது தற்காலிகம், மார்ச்சோட முடியுது. அந்த இடத்துக்கு நானும் போட்டிருக்கேன். ஓரியானுக்கு விசா வர்ற நேரம். ஆனா உம்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, திறமை இருக்கிறவங்களுக்குக் கெடைக்கட்டும். இத்தனையும் ஒளிக்காமச் சொல்லிட்டேன் பாரு. இப்படி மனசத் திறந்து பேசற அக்கா உனக்கு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?

உன் பேரை எழுதிக் குடு, நாளைக்கு நானே பெட்டியில ஒட்டிடறேன். லேசா ஒட்டினாப் போதும். பெட்டிச் சாவி ஒண்ணுதான் இருக்கு, அது எங்கிட்டயே இருக்கட்டும்.